கம்பியில்லா பேக்கப்: படுக்கையறையிலிருந்து ரௌட்டர் வரை

கேள்வி: பொங்கோல் வாசகர், சிங்கப்பூர், 6 செப்டம்பர் 2025

வீட்டில் இரண்டு கணினி. மனைவியின் விண்டோஸ் லேப்டாப்பில் 400 ஜிபி, என் மேக்கில் 700 ஜிபி. யூஎஸ்பி டிஸ்க் ஒன்று இருக்கிறது, யாரும் எடுத்துச் செருகுவதில்லை. கடைசி பேக்கப் சீனப் புத்தாண்டுக்கு முன்னால். ஒயர் இல்லாமல், தானாக நடக்கிற மாதிரி என்ன வழி? அந்த டிஸ்க்கை ரௌட்டரின் பின்னால் செருகிவிட்டால் போதும் என்கிறான் தம்பி. 1 ஜிபிபிஎஸ் ஃபைபர், பிடிஓ வீடு (அரசு அடுக்குமாடி), 500 வெள்ளிக்குள் முடிய வேண்டும்.

6 செப்டம்பர், இரவு

தம்பி சொல்வது நடக்கும். எத்தனை மாதம் நடக்கும் என்பதுதான் சந்தேகம்.

ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும் அந்த யூஎஸ்பி ஓட்டை, தயாரிப்பாளர் கடைசி நேரத்தில் சேர்த்த ஓரவேலை. பல பெட்டிகளில் அது யூஎஸ்பி 2.0. காகிதத்தில் விநாடிக்கு 60 எம்பி, கைக்கு வருவது அதில் பாதி. ரௌட்டரின் செயலியும் கோப்புகளைத் தூக்கிச் சுமக்கச் செய்யப்பட்டதல்ல.

அதைவிடப் பெரிய தொல்லை, பழைய ரௌட்டர்கள் எஸ்எம்பி 1 என்ற காலாவதியான பகிர்வு முறையில் பேசுவது. 2017இல் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 முழுதாக வருவதில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில், புரோ வகையில், பாஸ்வேர்ட் இல்லாத விருந்தினர் நுழைவும் மூடப்பட்டது. “நேற்று வரை தெரிந்த டிஸ்க் அப்டேட்டுக்குப் பிறகு காணோம்” என்று புலம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். எஸ்எம்பி 1ஐத் திரும்பத் திறக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய உண்டு. பார்த்துவிட்டு மூடிவிடுங்கள்.

என் பதில்: இரண்டு டிஸ்க் போடும் சின்ன நாஸ் பெட்டி, அதாவது வீட்டு நெட்வொர்க்கில் எல்லாக் கணினிக்கும் எட்டும் டிஸ்க் பெட்டி. ரௌட்டர் பக்கத்தில், ரௌட்டரோடு ஒயரில். லேப்டாப்கள் மட்டும் வைஃபையில்.

7 செப்டம்பர்

500 வெள்ளிக்குள் புதுப்பெட்டியும் இரண்டு டிஸ்க்கும் இறுக்கிப் பிடித்தால்தான் ஆகும். ஒரு டிஸ்க்கோடு தொடங்கி, மற்றதைப் போனஸ் மாதத்தில் வாங்கினாலும் குடி முழுகிவிடாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

7 செப்டம்பர், மாலை

“1 ஜிபிபிஎஸ் இருக்கும்போது வேகம் ஏன் பிரச்சினை?” என்று செங்காங்கிலிருந்து ஒருவர் கேட்கிறார். அந்த 1 ஜிபிபிஎஸ் தெருவிலிருந்து ரௌட்டர் வரை. ரௌட்டரிலிருந்து கட்டில் வரை என்ன வருகிறது என்பது வேறு கணக்கு. வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு நகல் எடுக்க ஃபைபரின் வேகம் தேவையே இல்லை. இணையம் அறுந்து கிடந்தாலும் அந்த பேக்கப் நடக்கும். இதற்காக 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

இரண்டு சுவர் தாண்டிய படுக்கையறையில் விநாடிக்கு 25 எம்பி கிடைக்கிறது என்று வைப்போம். 1,100 ஜிபி போக 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒயரில் விநாடிக்கு 110 எம்பி என்றால் மூன்று மணி நேரத்துக்குள் முடியும். இதெல்லாம் பெரிய வீடியோக் கோப்புகளுக்கான கணக்கு. பத்தாயிரம் குட்டிக் கோப்புகள் உள்ள ஃபோல்டர் என்றால் எந்த வழியிலும் ஊர்ந்துதான் போகும்.

அதனால் முதல் நகலை ஒயரில் எடுங்கள். லேப்டாப்பைக் கூடத்துக்குக் கொண்டுபோய், பத்து வெள்ளிக் கேபிளைச் செருகி, இரவு முழுக்க விடுங்கள். அதற்குப் பிறகு மாறியது மட்டும்தான் போகும். ஒரு நாளில் 5 ஜிபி மாறினால்கூட அதே வைஃபையில் நாலு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வைஃபை மெதுவானது என்ற புகார் முதல் நாளுக்கு மட்டும் சரி.

8 செப்டம்பர்

“முதல் நகலை யூஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து, பிறகு அதை நாஸுக்கு மாற்றினால் இன்னும் வேகம்” என்கிறார் ஒருவர். விண்டோஸில் சில செயலிகளுக்கு இது சரி. மேக்கின் சொந்த பேக்கப் வசதியான டைம் மெஷினுக்கு ஆகாது. நேரே செருகிய டிஸ்க்கில் அது ஒரு வடிவில் எழுதும், நெட்வொர்க்கில் ஸ்பார்ஸ்பண்டில் என்ற வட்டுப் படிமத்துக்குள் எழுதும். ஒன்றை மற்றொன்றாகத் தொடரச் செய்வது தலைவலி. நாஸுக்கே ஒயரில் தொடங்குங்கள். பிறகு கேபிளைப் பிடுங்கினால் அதே பேக்கப் வைஃபையில் தொடரும்.

11 செப்டம்பர்

பாம் ஷெல்டர், அதாவது வீட்டுக்குள்ளேயே கட்டித்தரும் பதுங்கறை. கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும்.

“எல்லாரும் ஸ்டோர் ரூமாகத்தானே வைத்திருக்கிறோம், நாஸை உள்ளே வைத்தால் சத்தமும் வராது, திருடனும் பார்க்கமாட்டான்.” சத்தம் வராது, சிக்னலும் வராது. 1997இல் வந்த சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் இருக்கும் இந்த அறை, கம்பி நெருக்கமாகப் போட்ட தடித்த கான்கிரீட், இரும்புக் கதவு. வெடிச்சிதறலையே நிறுத்தக் கட்டிய சுவர் வைஃபையை விட்டுவிடுமா? கேபிளை வெளியே கொண்டுவரச் சுவரைக் குடைந்து ஓட்டை போடவும் அனுமதி கிடையாது. கதவிடுக்கில் கேபிளை விட்டால் கதவு மூடாது. மூடினால் உள்ளே வெந்துபோகும், டிஸ்க்குக்குச் சூடு ஆகாது.

அது வீட்டின் நடுவில் நிற்பதுதான் இன்னும் மோசம். எங்கள் வீட்டில் கூடத்துக்கும் படிப்பறைக்கும் நடுவே ஷெல்டர். ரௌட்டர் டிவி அலமாரிக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தவரை படிப்பறையில் பேக்கப் பாதியில் பாதியில் நின்றது. வெளியே எடுத்து, நடைபாதையை நேராகப் பார்க்கிற மாதிரி அலமாரியின் தலையில் வைத்தேன். காசு செலவில்லை. வீட்டுக்காரம்மாவுக்கு மட்டும் அது அழகாக இல்லை. இன்றுவரை அந்தப் பேச்சு ஓயவில்லை.

12 செப்டம்பர்

வைஃபை 7 ரௌட்டர் வாங்கினால் சுவர் பிரச்சினை தீருமா? தீராது. அதன் பெருமையில் பெரும்பங்கு 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு. 2023இல் தகவல்தொடர்பு ஆணையமான ஐஎம்டிஏ இங்கே 5,925 முதல் 6,425 மெகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 500 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குத் திறந்துவிட்டது. அட்டைப்பெட்டியில் தடித்த எழுத்தில் போடும் 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் அதில் ஒன்றுக்குத்தான் இடம். ஒரே அறைக்குள் பறக்கும், கான்கிரீட் சுவரைப் பார்த்ததும் படுத்துவிடும். பேக்கப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ் போதும். 2.4 மட்டும் வேண்டாம். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான், புளோக்கில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லாம் அதற்குள்தான்.

மெஷ் (வீட்டில் பல இடங்களில் வைக்கும் வைஃபை பெட்டிகள்) வைத்திருப்பவர்களுக்கு: துணைப்பெட்டி தாய்ப்பெட்டியோடு வைஃபையிலேயே பேசினால், இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள மலிவு வகையில், வாங்கவும் கொடுக்கவும் ஒரே அலைதான். வேகம் பாதியாகும். நாஸைத் துணைப்பெட்டியில் செருகாதீர்கள்.

14 செப்டம்பர்

இழை திசைமாறுகிறது, பரவாயில்லை. “ராத்திரி 2 மணிக்கு ஷெட்யூல் போட்டேன், ஒரு நாளும் ஓடவில்லை, பெட்டி பழுதா?” என்கிறார் யீஷூன்காரர்.

வீட்டில் அம்மா இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறாராம். விளங்கிவிட்டது. படுக்கப் போகுமுன் வீடு முழுக்கச் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் தலைமுறை அது. எங்கள் வீட்டிலும் நாஸ் பல இரவுகள் அப்படித்தான் செத்துக் கிடந்தது. திடீரென்று மின்சாரம் போனால் எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்கும் கேடு. சண்டை போட்டுப் பயனில்லை. அட்டவணையை இரவு 8 மணிக்கு, எல்லாரும் டிவி பார்க்கும் நேரத்துக்கு மாற்றினேன். லேப்டாப்பும் அப்போதுதான் விழித்திருக்கும். மூடி வைத்த லேப்டாப்பை நடுநிசியில் எழுப்பி பேக்கப் எடுக்கலாம் என்பது விளம்பரத்தில் நடக்கும்.

சுவிட்சில் “தொடாதே” என்று ஒட்டியிருந்தேன். “யாரைப் பார்த்து தொடாதேங்கற?” என்று கேட்டார் அம்மா. இப்போது “தொடாதீங்கம்மா” என்று இருக்கிறது.

15 செப்டம்பர்

மரியாதை கூடியபின் சுவிட்ச் அணைவதில்லையா என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். அணைவதில்லை. யூபிஎஸும் வாங்கினேன். எது வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

20 செப்டம்பர்

ஒரு டிஸ்க் போதும் என்று ஏன் சொன்னேன்? நாஸில் இரண்டு டிஸ்க் ஒன்றையொன்று பிரதியெடுப்பது, ஒன்று செத்தால் வேலை நிற்காமல் இருக்க. நீங்கள் தப்பாக அழித்த கோப்பு இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். அது பேக்கப் ஆகாது. அந்தக் காசில் தனி யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, மாதம் ஒருமுறை நாஸிலிருந்து நகலெடுத்து, பிடுங்கி வேறிடத்தில் வைத்தால் அதிக லாபம். உங்களிடம்தான் ஏற்கெனவே ஒன்று சும்மா கிடக்கிறதே.

புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பெயரில் வழங்கும் 3-2-1 கணக்கும் இதுதான்: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே. மூன்றாவதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுவார்கள்.

எப்போதும் வைஃபையில் கைக்கெட்டும் பேக்கப் வைரஸுக்கும் எட்டும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத்தீநிரல் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் நிறுவன நாஸ் பெட்டிகளைப் பூட்டி, ஆளுக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் (டபிள்யூடி) மை புக் லைவ் டிஸ்க்குகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. டிஸ்க்கை இணையத்திலிருந்து கழற்றச் சொல்லி அந்த நிறுவனமே அறிவித்தது. வெளியிலிருந்து வீட்டு நாஸைப் பார்க்கும் ஆசையில் ரௌட்டரில் கதவு திறந்து வைக்காதீர்கள். பெட்டியில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்துவைக்கும்) வசதி இருந்தால் முதல் நாளே போடுங்கள். லேப்டாப்பில் தினமும் புழங்கும் கணக்கு வேறு, நாஸில் எழுதும் கணக்கு வேறு என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

21 செப்டம்பர்

கணினிகளுக்கிடையே ஃபோல்டர்களை ஒத்திசைக்கும் சிங்க்திங் செயலி போதாதா என்பவர்களுக்கு: நல்ல கருவி, நானும் வைத்திருக்கிறேன். பழைய பதிப்புகளைத் தக்கவைக்கும் வசதியைத் தேடிப்போய் இயக்காவிட்டால், இங்கே அழித்தது அங்கேயும் அழியும். விண்டோஸின் நகலெடுக்கும் கருவியான ரோபோகாப்பியின் ‘மிர்’ விருப்பமும் அப்படித்தான். மூலத்தில் இல்லாததை இலக்கிலும் துடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும்.

27 செப்டம்பர்

கிளவுட் பற்றி ஏன் பேசவில்லை என்கிறார்கள். இலவசத்தில் ஒன்டிரைவும் ஐகிளவுடும் 5 ஜிபி, கூகல் 15 ஜிபி. அந்த 15க்குள் மின்னஞ்சலும் படங்களும் அடக்கம். உங்கள் 1,100 ஜிபிக்கு அது எந்த மூலைக்கு?

காசு கட்டினால், நம் ஊரில் கிளவுட் உண்மையிலேயே நல்ல வழி. பல நாடுகளில் இறக்கம் வேகம், ஏற்றம் நொண்டி. இங்கே ஃபைபரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் வீட்டு வைஃபைதான் முட்டுக்கட்டை, இணையம் அல்ல.

கவனிக்க இரண்டு. பேக்பிளேஸின் தனிநபர் திட்டம் அளவில்லாமல் ஏற்றவிடும், ஆனால் நாஸை ஏற்காது, கணினியிலும் நேரே செருகிய டிஸ்க்கிலும் உள்ளதை மட்டும். இன்னொன்று, சேவைகள் மூடும். கிராஷ்பிளானின் வீட்டுத் திட்டம் 2018இல் நின்றது. கிளவுட் மட்டும் போதும் என்று இருந்தவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து வேறிடத்துக்கு ஏற்ற வேண்டிவந்தது. எனக்கு அது இரண்டாவது பிரதி, முதலாவது அல்ல.

5 அக்டோபர்

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள்: 2025 அக்டோபர் 14 ஆதரவின் கடைசி நாள். அதற்குப் பின் ஓராண்டுப் பாதுகாப்பு அப்டேட் வாங்கும் வழிகளில் ஒன்று, “விண்டோஸ் பேக்கப்” மூலம் அமைப்புகளை ஒன்டிரைவோடு ஒத்திசைப்பது. இதைச் செய்துவிட்டு “பேக்கப் ஆகிவிட்டது” என்று நிம்மதியாக இருக்கிறார் என் சகலை. போனது வால்பேப்பர், வைஃபை பாஸ்வேர்ட் மாதிரிச் சங்கதிகள். கல்யாண வீடியோ அதே லேப்டாப்பில்தான் இருக்கிறது.

6 அக்டோபர்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் லேப்டாப்பில் பள்ளி போட்ட மேலாண்மைச் செயலி இருப்பதால் நம் இஷ்டத்துக்கு பேக்கப் மென்பொருள் நிறுவ வராது. அதை இந்தத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். பள்ளி வேலை பள்ளிக் கணக்கின் கிளவுடில் இருக்கட்டும்.

12 அக்டோபர்

இது தமிழில் பெயர் வைக்கும் நம் ஆட்களுக்கு வரும் சிக்கல்.

பிடோக் வாசகர் ஒருவரின் நாஸில் ‘பொங்கல்’ என்று இரண்டு ஃபோல்டர். எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர், உள்ளே வேறு வேறு படங்கள். ‘தீபாவளி’ மட்டும் ஒன்றாகவே இருக்கிறது. பேய் வேலை இல்லை. யூனிகோடில் ‘ொ’ என்ற குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ‘ெ’, ‘ா’ என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். ‘ோ’, ‘ௌ’ இரண்டுக்கும் இதே கதை. மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்தே வைத்துக்கொள்ளும். விண்டோஸில் தட்டச்சியது சேர்ந்தே இருக்கும். நாஸுக்குள் இருப்பது லினக்ஸ், அதற்கு இரண்டும் வேறு வேறு பெயர். பழைய மேக் டிஸ்க்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியில் நேரே நகலெடுத்து, அதே படங்களை விண்டோஸிலிருந்தும் ஏற்றினால் பொங்கல் இரண்டாகும். ‘தீபாவளி’யில் அந்தக் குறிகள் இல்லை, தப்பித்தது.

ஆர்சிங்க் 3ஆம் பதிப்பிலிருந்து ‘ஐகான்வ்’ என்ற விருப்பம் இருக்கிறது, நகலெடுக்கும்போதே பெயரை மாற்றிக்கொள்ளும். இனி தொடங்குபவர்கள் அதைப் போடுங்கள். ஏற்கெனவே இரண்டானவற்றை எதையும் அழிக்காமல் கையால்தான் சேர்க்க வேண்டும்.

12 அக்டோபர், பின்னிரவு

பெயர் நீளமும் நம்மைக் கடிக்கும். லினக்ஸில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட். ஆங்கில எழுத்து ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று. ஆக 85. ‘க்’ என்பதே இரண்டு குறியீடு. சினாலஜி நிறுவன நாஸில் மறையாக்கப்பட்ட (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய) ஃபோல்டரில் எல்லை 143 பைட், அதாவது 47 குறியீடு, நாம் எண்ணும் எழுத்தில் முப்பது தேறினால் அதிகம். “அறுபதாம் கல்யாணம் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் அப்பா எடுத்த படங்கள்” என்று பெயர் வைத்தால் உள்ளே போகாது. எந்தக் கோப்பு விடுபட்டது என்பது செயல்பதிவில் (லாக்) எங்கோ மூலையில் இருக்கும். ஆண்டை முன்னால் போட்டுச் சுருக்கமாக வையுங்கள்.

தொண்ணூறுகளில் தட்டச்சிய கதை, கவிதை, சங்க மலர் எல்லாம் வைத்திருப்பவர்கள், யூனிகோட் பரவுமுன் இருந்த டிஸ்கி, டாப் குறியீட்டுக் காலத்து எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து பேக்கப் எடுங்கள். கோப்பு பத்திரமாக இருந்து எழுத்துரு தொலைந்தால் திரையில் வருவது வெறும் கிறுக்கல். சிங்கப்பூரில் 1997இல் தமிழ்நெட் மாநாடு நடந்தபோது இந்தக் குறியீட்டுக் குழப்பம்தான் பெரிய பேச்சு. இப்போது மாற்றிகள் இருக்கின்றன. உட்கார்ந்து மாற்றத்தான் ஆள் இல்லை.

22 அக்டோபர்

தீபாவளிக்கு ஜூரோங் வெஸ்ட்டில் அண்ணன் வீட்டுக்குப் போனபோது பழைய நாஸ் ஒன்றைக் கையில் கொண்டுபோனேன். முறுக்கு டப்பாவோடு ஒரே பையில். எங்கள் வீட்டிலேயே ஒயரில் முழு நகலையும் எடுத்துவிட்டு, அவர் ரௌட்டர் பக்கத்தில் வைத்தாயிற்று. இரண்டு பெட்டிகளும் டெயில்ஸ்கேல் என்ற தனி இணைப்புச் செயலி வழியாகப் பேசுகின்றன, இரண்டு வீட்டிலும் ரௌட்டரில் எதையும் திறக்கவில்லை. என் தரவு அவர் வீட்டில் பூட்டிய நிலையில், அவருடையது என் வீட்டில். மாதச் சந்தா கிடையாது. ஊர் சின்னது என்பதில் இது ஒரு வசதி. ஏதாவது ஆனால் எம்ஆர்டியில் போய்ப் பெட்டியையே தூக்கிவரலாம்.

அண்ணி கேட்டது மின்சாரச் செலவு பற்றி. அண்ணனிடம் பேசச் சொல்லிவிட்டேன்.

2 நவம்பர்

பொங்கோல்காரர் பெட்டி வாங்கிவிட்டார், இரண்டு கணினியும் பச்சை டிக் காட்டுகிறதாம். நல்லது. இப்போது ஒரு ஃபோல்டரை, படம் பத்து இருந்தால் போதும், நாஸிலிருந்து வேறு கணினிக்குத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். டிக் காட்டுவது அனுப்பியதை மட்டும். திறக்கிறதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நெட்வொர்க்கில் டைம் மெஷின் வைத்திருக்கும் மேக்கில், சரிபார்ப்பில் கோளாறு தெரிந்தால் “புதிதாக ஒரு பேக்கப்பைத் தொடங்க வேண்டும்” என்று செய்தி வரும். சரி என்று அமுக்கினால் பழைய வரலாறு போய்விடும். வைஃபை நடுவில் அறுவது அதற்கு ஒரு காரணம். வேறு பிரதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

டைம் மெஷினுக்கு நாஸில் அளவு வரம்பும் போடுங்கள். 700 ஜிபி மேக்குக்கு 1.5 டிபி தாராளம். போடாவிட்டால் இடம் தீரும்வரை அது தின்றுகொண்டே இருக்கும், மனைவியின் லேப்டாப் வெளியே நிற்கும்.

புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் ஆகியிருக்கக்கூடும். அதன் மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்? அதையும் நாஸ் பாஸ்வேர்டையும் தாளில் எழுதிப் பாஸ்போர்ட் இருக்கும் இடத்தில் வையுங்கள்.

3 நவம்பர்

பழைய ஏர்போர்ட் டைம் கேப்சூல் (ஆப்பிளின் ரௌட்டரும் பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்த பெட்டி) இருக்கிறது, நாஸ் எதற்கு என்று கேட்டவருக்கு: ஆப்பிள் அதை 2018இலேயே நிறுத்திவிட்டது. அது பேசும் ஏஎஃப்பி என்ற பழைய பகிர்வு முறையையும் மேக் கைவிடப்போவதாக அறிவித்தாயிற்று. உள்ளே இருக்கும் டிஸ்க்குக்கும் வயதாகிவிட்டது. ஓடும்வரை ஓடட்டும், இரண்டாவது பிரதியாக. அதற்காக மேக்கை அப்டேட் செய்யாமல் வைத்திருக்காதீர்கள்.